எட்டாவது இழுப்பு

இந்த அறையில் நல்ல நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, அதில் நீ உட்கார். நான் கட்டிலிலேயே இருக்கிறேன், முதுகுக்கு அதுதான் சௌகரியம். ஜன்னலைச் சாத்திவிடு, அம்மா. தெருமுனையில் பஸ் திரும்பும்போதெல்லாம் தரை அதிரும், இசைத்தட்டில் ஊசி துள்ளிவிடும்.

நீ கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற ஒரு பெண் சிகாகோவிலிருந்து மெம்பிஸ் வரை பஸ்ஸில் வந்து, "பெரியவரே, ஏழு தடவை இழுப்பு நாலு எண்ணிக்கை வருது, எட்டாவது மட்டும் ரெண்டோட நிக்குது, ஏன்?" என்று கேட்டால் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. இருபத்தேழு வருஷமாக அந்தத் தட்டை எத்தனையோ படித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், புத்தகத்தில்கூட எழுதியிருக்கிறார்கள். 'கோடாலிப் பாட்டு, முன்பாட்டு ஹோசியா' என்று அட்டையில் என் பெயர் இருக்கிறது. ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. உன் அப்பா கிளியோதா பிக்கன்ஸ், அவர் மகள் எண்ணிவிட்டாள்.

சொல்கிறேன். ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது, எழுபத்திரண்டு வயதாகிறது.

இங்கிருந்து தெற்கே, டெல்டாவில் இருந்த அந்தச் சிறைப் பண்ணைக்கு வேலி கிடையாது. மண் மேசைபோலத் தட்டை. காலையில் ஓட ஆரம்பித்தவன் மதியம் வரை கண்ணுக்குத் தெரிவான். துப்பாக்கி வைத்திருந்தவர்களும் எங்களைப்போல வரிச்சட்டைக் கைதிகள்தான், ஓடுகிறவனைச் சுட்டால் அவர்களுக்கு விடுதலை கிடைக்கும். அதனால் யாரும் ஓடமாட்டோம். நான் ஆயுள் கைதி. ஒருவனை மண்வெட்டியால் அடித்தேன், அது வேறு கதை, அப்போது எனக்குக் கோபம் இருந்தது. உன் அப்பா விஷயத்தில் எனக்குக் கோபமே கிடையாது. அதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடையில் பருத்தி, குளிர்காலத்தில் மரம். எங்கள் குழுவில் முப்பது பேர், அவர்களுக்கு முன்பாட்டு எடுத்துக்கொடுக்கிறவன் நான். பதினோரு வருஷம் எடுத்துக்கொடுத்தேன். வெளியே இருப்பவர்கள் அதை ஏதோ அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாடுவது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு மரத்தைச் சுற்றி நாலு பேர் நிற்போம். எதிரெதிரே நிற்கிற இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒரு ஜோடியின் கோடாலி மரத்தில் இறங்கும்போது அடுத்த ஜோடியின் கோடாலி மேலே இருக்கும். நடுவில் ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. யாரும் அடுத்தவன் கோடாலியைப் பார்ப்பதில்லை. பார்த்து வெட்டுகிறவன் பிந்துவான், பிந்துகிறவன் எங்களை மேய்க்கிற அதிகாரி, கேப்டனின் தோல்வாரில் அடி வாங்குவான். காதால்தான் வெட்டுவோம், பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டே வெட்டுவார்கள்.

நாலு வரிக்கு ஒருமுறை கடைசிச் சொல்லை நான் இழுப்பேன். அந்த இழுப்பு நாலு எண்ணிக்கை. அதுவரை எல்லாக் கோடாலியும் தோளுக்கு மேலே நிற்கும். எனக்கு எதிரே நிற்கிறவன் குனிந்து, வெட்டுவாயில் சிக்கிய ஈரச் சில்லுகளைக் கையால் வாரி எறிந்துவிட்டு நிமிர்வான். என் குரல் இறங்கியதும் பக்கவாட்டு ஜோடியின் கோடாலி இறங்கும். அவ்வளவுதான் முறை. பதினோரு வருஷத்தில் என் குழுவில் ஒருவனுக்கு ஒரு விரல்கூடப் போனதில்லை. மற்றக் குழுக்களில் விசாரித்துப் பார்த்திருந்தால் அதன் அருமை உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் அப்பா வந்தது பருத்தி எடுப்பு நேரத்தில். சனிக்கிழமை ராத்திரி நடனங்களில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர், ஏதோ தகராறு, கத்தி, ஐந்து வருஷம். முதல் நாள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இங்க சாப்பாடு எப்படி?"

"பீன்ஸ்ல புழு இருக்கும்."

"அப்ப தினமும் கறிச் சாப்பாடுன்னு சொல்லுங்க."

அந்தப் பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உன் அப்பாவை எனக்குப் பிடிக்கும், அம்மா. பிடிக்காமல் இருக்க முடியாது, அப்படிப்பட்ட ஆள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் பாடுவார். கிடார் இல்லை, தொடையில் தட்டிக்கொண்டே ப்ளூஸ், ஒற்றை ஆள் பாடுகிற சோகப் பாட்டு. வயலில் நான் எடுக்கிற பாட்டுக்கு முப்பது குரல் வேண்டும். அவருக்கு யாருமே வேண்டாம். அதுதான் அவரிடம் இருந்த கெடுதலும். ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டியபோது அவரை முன்பாட்டு எடுக்கச் சொன்னார்கள். அவர் பாடினார், ஆட்கள் கேட்டுக்கொண்டே களைகொத்தியை மெதுவாகப் போட்டார்கள். சாயங்காலம் மூன்று பேருக்குத் தோல்வார் அடி. அவர்கள் முதுகில் உப்புத்தண்ணீர் ஊற்றித் துடைத்தது நான். அழகான பாட்டு ஆளைக் கொல்லும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேள்.

முப்பத்தொன்பது பிப்ரவரியில், ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்கிற அரசாங்க நூலகத்துக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் மரியாதை தெரிந்தவர், எங்களிடம் பேசும்போது தொப்பியைக் கழற்றுவார். காரின் பின்பக்கம் முழுக்க அந்த இயந்திரம். கறுப்புத் தட்டு சுற்றும், ஊசி அதைக் கீறிக்கொண்டே போகும், தலைமுடி மாதிரி சுருள் சுருளாகக் கிளம்புகிற இழையை அவர் ஒரு தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே இருப்பார். கிராமபோனில் வந்த பாட்டு எதுவும் அவருக்கு வேண்டாம். பண்ணைக்கு வெளியே யாரும் கேட்காத பாட்டுத்தான் வேண்டும். மூன்று நாள் தங்கினார். முதல் நாளே கேப்டனை வைத்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்: நல்ல முன்பாட்டுக்காரர் ஒருவருக்காக ஆளுநருக்குத் தட்டும் கடிதமும் அனுப்பப்போகிறார், ஆளுநர் பாட்டு கேட்கிறவர், விடுதலைகூடக் கிடைக்கலாம். ஒருவருக்குத்தான்.

முதல் நாள் முழுக்க என்னைப் பாட வைத்தார். இரண்டாம் நாள் உன் அப்பாவை ஒரு பெட்டிமேல் உட்கார வைத்தார். உன் அப்பா பாடினது எனக்கு வரி தவறாமல் நினைவிருக்கிறது.

"என் மகளுக்குப் பல்லு முளைச்சிருக்கும், கேப்டன்,
எத்தனைன்னு எனக்குத் தெரியாது.
யாராவது எண்ணிச் சொல்லுங்களேன், கேப்டன்,
எனக்கு இங்கிருந்து தெரியாது."

அந்த மகள் நீதான். உனக்கு ஆறு மாதம் ஆகும்போது அவர் உள்ளே வந்தார். பாட்டு முடிந்ததும் நூலகத்துக்காரர் தூரிகையைக் கீழே வைக்க மறந்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "நீங்க நல்ல வலுவா பாடுறீங்க, ஹோசியா. ஆனா அவர்..." என்று சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வருஷம் முப்பது பேரைக் கட்டிக் காத்தவன் நான். உன் அப்பா வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் நிஜமான மரத்தில் நிஜமான கோடாலி வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார். உன் அப்பாவையே முன்பாட்டு எடுக்கச் சொன்னார். அப்போது உன் அப்பா சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் நல்ல மனிதர்.

"இல்ல சார், மரத்துக்கு ஹோசியா அண்ணன்தான். நான் பாடினா இவனுங்க அழுதுக்கிட்டே காலை வெட்டிக்குவானுங்க. இவர் குரலுக்குக் கீழேன்னா நான் கண்ண மூடித் தலைய வைப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எதிரே உன் அப்பா நின்றார். பக்கவாட்டில் எஸ்ரா என்கிற பையன், இருபத்திரண்டு வயது, மாடு மாதிரி பலம், அவனுக்கு எதிரே இன்னொருத்தன். பெரிய ஓக் மரம். ஏழு இழுப்பு ஒழுங்காகப் போனது. ஏழு முறையும் உன் அப்பா குனிந்து சில்லு வாரிப் போட்டு நிமிர்ந்தார். அவர் நிமிரும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார், பாட்டு நன்றாக வருகிறது என்று.

எட்டாவதில் நான் இரண்டு எண்ணிக்கையில் குரலை இறக்கினேன்.

என் கையில் இருந்த கோடாலி என் தோளுக்கு மேலேயே இருந்தது. நான் உன் அப்பாவைத் தொடவில்லை. இறங்கியது எஸ்ராவின் கோடாலி. அவன்மீதும் தப்பில்லை, என் குரல் இறங்கினால் இறங்க வேண்டும் என்றுதான் அவன் கைக்குத் தெரியும். கேப்டன் அதை விபத்து என்று எழுதிக்கொண்டார். எஸ்ரா தன் கைதான் முந்திவிட்டது என்று நம்பினான். அடுத்த மாதம் அதே கோடாலியால் வலது கையில் மூன்று விரலை வெட்டிக்கொண்டான். அவன் கை முந்தவில்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்னிடம் வந்திருக்கும்.

உன் அப்பாவின் தட்டு எங்கே என்றும் கேட்டாய். பெட்டிகளைக் காருக்குத் தூக்கிப் போனது நான். அந்தத் தட்டுகளின் மேற்பூச்சு மெழுகு மாதிரி மெத்தென்று இருக்கும். சட்டைப் பொத்தானால் குறுக்கே நாலு கோடு போதும். அவர் குரல் இன்றைக்கு எங்கேயும் இல்லை. இந்தப் பாட்டில் எல்லோரோடும் சேர்ந்து ஏழு முறை பதில் பாடுகிறாரே, அதுதான் மிச்சம். அதிலும் எது அவர் குரல் என்று என்னால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

நீ இப்போது கேட்கிறாய், "அவர்தான் விடுதலையாகிப் போகப் போறாரே, அப்புறம் உங்க ஆளுங்களுக்கு அவரால என்ன கெடுதல்?" என்று. நல்ல கேள்வி. எத்தனையோ வருஷமாக இதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். ஒருவேளை கடிதம் பலிக்காமல் அவர் அங்கேயே தங்கி, என் இடத்துக்கு வந்திருந்தால்? முப்பது முதுகு, அம்மா. ஒருவருக்காக முப்பது பேரை விட முடியுமா. இந்தப் பதிலை எனக்கு நானே சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது ஏதோ குறைகிறது.

ஆமாம், மே மாதம் நான் வெளியே வந்தேன். ஆளுநர் கையெழுத்துப் போட்ட தாளோடு, புது மேல்சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அந்தக் கோடையில் என் குழுவில் நாலு பேர் வெயிலில் விழுந்து செத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். முன்பாட்டு எடுக்கச் சரியான ஆள் இல்லையாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும், நான்தான் அங்கே இல்லையே.

வெளியே வந்தேன் என்கிறேன், ஆனால் தேவாலயத்துக்கு நான் போவதில்லை. அங்கே பாட்டில் கடைசிச் சொல்லை இழுத்துவிட்டால் நான் எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒன்று, இரண்டு, அத்தோடு என் கழுத்து தானாகக் கீழே இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபம் என்று நினைத்துக்கொள்வார்கள். படுத்தால் மூச்சும் அப்படித்தான் வருகிறது, இரண்டில் நிற்கிறது. அந்தப் பண்ணைக்கு வேலி இல்லை என்றேனே, இதற்கும் இல்லை. எங்கே ஓடுவது.

சரி, நீ தட்டை எடுத்து உள்ளே வைக்காதே. முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது இழுப்புக்குப் பிறகும் பாட்டு நிற்கவில்லை, கவனித்தாயா. நூலகத்துக்காரர் உறைந்துபோய் நின்றார், ஊசியைத் தூக்கவில்லை. பாட்டு சட்டென்று நின்றால் சுற்றி இருக்கிற மரங்களில் மேலே இருக்கும் கோடாலிகள் எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. அவர்களைப் பத்திரமாக இறக்க நான் இன்னும் நாலு வரி பாட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் வாயில் வந்தது உன் பல்லைப் பற்றிய வரிகள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஆனாலும் வந்தது. ஆளுநருக்கு அனுப்பியது இந்தத் தட்டைத்தான். அந்த வரிகள் வந்தபோது அவர் மனைவி அழுதாராம், இந்த மனிதனை அவன் மகளிடம் அனுப்பிவிடுங்கள் என்று சொன்னாராம்.

நான் செய்தது இதுதான். வேண்டுமென்றே செய்தேன். எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் போவதற்கு முன்னால் இன்னொரு முறை அந்தத் தட்டை வை. எட்டாவது இழுப்பை விட்டுவிடு, அதற்கப்புறம் வருவதை மட்டும் நியாயமாகக் கேட்டுச் சொல். அந்தக் கடைசி வரியை உன் அப்பா எப்போதும் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிடுவார். நான்தான் சரியான இடத்தில் நிறுத்தினேன்.