கொட்டேஷன் மாரி

எலுமிச்சம்பழம் வாங்கும்போது தோலை அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும், சேர். நல்ல சாறு உள்ள பழம்தான் சக்கரத்துக்குக் கீழே வைத்து வண்டியை எடுக்கும்போது சத்தம் போட்டு நசுங்கும். காய்ந்த பழம் வைத்தால் உருண்டு ஓடிவிடும். பிறகு வண்டிக்காரன் வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி இராது. நான் எப்போதும் மாத்தளைச் சந்தையில் காத்தாயியிடம்தான் வாங்குவேன். அவள் எனக்கென்று பொறுக்கி எடுத்து வைப்பாள்.

வாக்குமூலத்தைத் தமிழில் எடுக்கச் சொன்னதற்குக் குறை நினைக்க வேண்டாம். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடுதான். ஆனால் காப்புறுதி விஷயத்தை இவ்வளவு காலமும் தமிழிலேயே விளங்கப்படுத்திப் பழகிவிட்டேன். பெயர் மாரிமுத்து, தொழில் வாகனக் காப்புறுதி முகவர். கிறிஷாந்தின் வேனுக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கொட்டேஷனை, அதாவது கம்பெனி தரும் விலைக் கணக்கை, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

ஜனங்கள் கடைசி வரியை மட்டும்தான் பார்க்கிறார்கள். மூன்று கம்பெனிகளின் விலையை முன்னால் வைத்தால், எது குறைவோ அதன்மேல் விரலை வைப்பார்கள். 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், வாயைப் பிளந்துவிடுவார்கள். தேர்ட் பார்ட்டி என்றால் நாம் இடித்தவனுக்கு மட்டும் கிடைக்கும், ஃபுல் என்றால் நமக்கும் கிடைக்கும். அந்த மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்த ஃபுல்லுக்குள்ளே எத்தனை ஓட்டை இருக்கிறது என்று எவனும் கேட்பதில்லை. மண்சரிவு சேர்ந்திருக்கிறதா, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, விபத்தென்றால் முதலில் நம் கையிலிருந்து போட வேண்டியது எவ்வளவு, சாரதி செத்தால் குடும்பத்துக்கு என்ன? எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி சொந்தப் பாவனைக்கா, ஹயருக்கா? சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டுக் காசுக்கு ஆள் ஏற்றினால், அந்தப் பொலிசியில் கருவாடு சுற்றலாம்.

கிறிஷாந்த் உக்குவளைப் பையன். ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு, சீகிரியாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓட ஒரு பழைய வேன் பேசியிருந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி ரொஷானியோடு என் வீட்டுக்கு வருவான். நான் மூன்று கம்பெனிகளில் விலை எடுத்து, இதில் இது உண்டு, அதில் அது இல்லை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொஷானி கெட்டிக்காரி, கேள்வி கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டாள். அவனோ போனை நோண்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டான்.

"அண்ணே, ஹயருன்னு போட்டா கூடுதலா வருதே. சும்மா சொந்தப் பாவனைன்னு போட்டுக்கிட்டா என்னாங்க?"

"தம்பி, ஒண்ணும் நடக்கலைன்னா ஒண்ணும் ஆகாது. நடந்திருச்சின்னா நடுத்தெருவுல நிப்பீங்க."

தலையாட்டினான். ஆனால் அவன் கண் மறுபடியும் கடைசி வரிக்குப் போனதை நான் கவனித்தேன். நான் ஆட்களைச் சந்தேகப்படுகிறவன், சேர். நாளைக்கு வருகிறேன் என்பவன் வரமாட்டான். அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளவா என்று கேட்பவன் நேரே இன்னொருவனிடம் போவான். கிறிஷாந்த் போட்டோ எடுத்துக்கொண்டான்.

அடுத்த கிழமை அவன் வேனின் முன் கண்ணாடியில் வேறு கம்பெனியின் ஸ்டிக்கர் இருந்தது. போன் கடை வைத்துக்கொண்டு பொலிசியும் போடுகிற அன்ஸாபிடம் எடுத்திருக்கிறான். பையன்கள் அண்ணன் முறையில் அவனை நானா என்பார்கள். அன்ஸாப் மேல் பிழை சொல்லமாட்டேன். "ஹயரா, பிரைவேட்டா?" என்று அவன் கேட்டுத்தான் இருக்கிறான், இவன்தான் பிரைவேட் என்றிருக்கிறான். சரி, போகட்டும் என்று இருந்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடையில் நாலு பேருக்கு முன்னால் கிறிஷாந்த் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்.

"கொட்டேஷனுக்கு மாரி அண்ணே, பொலிசிக்கு அன்ஸாப் நானா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குக் கொட்டேஷன் மாரி என்று பெயர். மீன்காரன் கூப்பிடுகிறான், பஸ் கண்டக்டர் கூப்பிடுகிறான். என் சொந்த மருமகளே சமையலறையில் அப்படிச் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. வயிறு எரிந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் கோபம் இல்லை. கோபம் என்பது வேறு.

இதற்குள் கிறிஷாந்தின் மாமியார் எனக்குக் கோல் எடுத்தார். பெயர் ஜோசப்பின், நான் அக்கா என்று கூப்பிடுவேன். வேனை வஹகோட்டை கத்தோலிக்கக் கோவிலுக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கிவிட்டார்களாம், சாமியார் தீர்த்தமும் தெளித்தாராம். ஆனாலும் எலுமிச்சம்பழம் வைக்காமல் முதல் ஹயர் போக அவருக்கு மனசில்லை.

"நீங்கதான் வந்து வைக்கணும் மாரி. ஒங்க கைராசி யாருக்கு வரும்?"

அது உண்மை. என்னிடம் பொலிசி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான்தான் பழம் வைப்பேன். அது என் வழக்கம். பொலிசி அன்ஸாபுக்கு, கைராசி எனக்கு என்று ஆகிவிட்டது பாருங்கள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். காத்தாயியிடம் நல்ல பழமாக வாங்கிக்கொண்டுதான் போனேன்.

பழம் வைக்கக் குனிந்தேன். பொலிசி போடுகிறவனின் கண் சும்மா இருக்காது, சக்கரத்துக்கு உள்பக்கமும் போகும். முன் இடது சக்கரத்தின் உள்ளே ஈரம். தொட்டு மோந்து பார்த்தேன், பிரேக் ஒயில். குழாயில் எங்கேயோ வெடிப்பு. கராஜில் அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். டயரையும் துடைத்தேன். கீழே விழுந்திருந்த சொட்டுகளின் மேல் செருப்பால் மண்ணைத் தள்ளினேன். அதன்மேல் பழத்தை வைத்தேன். ரொஷானியின் போன் வீடியோவில் அது தெளிவாக இருக்கிறது என்று சொன்னீர்கள். இருக்கும், அவள் எல்லாவற்றையும் நன்றாக எடுப்பாள். பழங்கள் நான்கும் நன்றாக நசுங்கின. ஜோசப்பின் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குப் பாற்சோறும் வாழைப்பழமும் தந்தார்கள்.

அடுத்த நாள் அவனுக்கு ரிவர்ஸ்டன் மலைக்கு ஹயர் இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும், பாற்சோறு சாப்பிடும்போது அவனே சொன்னான். சீகிரியாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த வளைவுகள் உங்களுக்கும் தெரியும்தானே, ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்க வேண்டும்.

இறங்கும்போதுதான் நடந்தது. கிறிஷாந்த் அங்கேயே போய்விட்டான். அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இனி ஒரு கால் இல்லை என்று கேள்விப்பட்டேன். என்னுடைய இரண்டாவது கொட்டேஷனில் ஏற்றிச் செல்லும் ஆட்களுக்கும் சேர்த்து இருந்தது. அதைத்தான் நான் எடுக்கச் சொன்னேன்.

கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஹயர் ஓடிய வேன் என்று கையை விரித்துவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நான் போயிருந்தேன். அன்ஸாப் ஒரு மூலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். ரொஷானி எல்லாருக்கும் முன்னால் என்னிடம் வந்தாள். பாவம், ஆள் பாதியாகிப் போயிருந்தாள்.

"அண்ணே, ஒங்கக்கிட்ட எடுத்திருந்தா கெடச்சிருக்கும், இல்லையா?"

"கெடச்சிருக்கும்மா," என்றேன். மண்சரிவு, சாரதி, ஏற்றிப் போகிறவர்கள் என்று ஒவ்வொன்றாக மறுபடியும் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் என்னைக் கொட்டேஷன் மாரி என்று சொல்லவில்லை. வெளியே வரும்போது இரண்டு பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

ரொஷானி தன் புருஷன் முகத்தைப் பார்க்க அந்த வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறாள். அதில்தான் என் கையையும் பார்த்திருக்கிறாள். நான் அதை யோசிக்கவில்லை, அது என் கவனக்குறைவு.

வீடியோவில் இல்லாத ஒன்றும் இருக்கிறது, சேர். வேனின் செட்டில் பாட்டுப் போட்டிருந்ததால் பேச்சு கேட்டிருக்காது. நானே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பழம் நசுங்கி வேன் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. கிறிஷாந்த் கண்ணாடியை இறக்கினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணே, பிரேக் கொஞ்சம் உள்ளுக்குப் போற மாதிரி இருக்கு. ஹயரைக் கேன்சல் பண்ணிட்டுக் கராஜுக்கு விடவா?"

என்னிடம் யோசனை கேட்டான். பொலிசிக்கு அன்ஸாப் என்று சொன்னவன், உயிர் விஷயத்துக்கு என்னிடம்தான் கேட்டான்.

"பழைய வேன்னா அப்பிடித்தான் தம்பி, ஓட ஓடச் சரியாகிரும்," என்றேன். "அதான் ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கியே, பொறகு என்னா பயம்?"

அவன் நம்பித் தலையாட்டினான். நான் துடைக்காமல் விட்டிருந்தால், அல்லது கராஜுக்குப் போ என்று சொல்லியிருந்தால், அவன் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பான். கடைசி வரி குறைவாக இருந்தால் போதும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிவான். எந்தப் பொலிசி நல்லது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அவன் மேல் எனக்குக் கோபமே இருந்ததில்லை. எத்தனையோ ஞாயிறு உட்கார வைத்துச் சொன்னேன், காதில் ஏறவில்லை. இப்போதாவது அவனுக்கு விளங்கியிருக்கும்.