சிக்னல் தொண்ணூற்றொன்று

தேநீருக்கு நன்றி ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். சாதாரண டிஷ் பெட்டி, தனக்குக் கொடுத்த பட்டியலில் உள்ள அலைவரிசைகளை மட்டும்தான் தேடும். நான் எழுதிய மென்பொருள் பட்டியலை நம்பாது. ஒவ்வோர் அலைவரிசையாகத் தட்டிப் பார்க்கும். சேனல் இருக்கிற இடத்தில் நிற்கும். சிக்னல் எவ்வளவு என்று நொடிக்கு நொடி குறித்து வைக்கும். கம்பளையில் ஒரு வாடகை அறையில் இரண்டு வருடம் இருந்து எழுதினேன்.

என் கூட்டாளி அன்ட்ரூவும் நானும் சேர்ந்துதான் வீடுகளுக்கு டிஷ் பூட்டப் போவோம். அவன் கூரையில் நின்று டிஷ்ஷைத் திருப்புவான். நான் கீழே லெப்டொப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "வருதா மச்சான்?" என்று கத்துவான். என் வாயை நம்புவதைத் தவிர மேலே இருப்பவனுக்கு வேறு வழி இல்லை.

நல்லவன்தான். ஆனால் போன வீடெல்லாம் அந்த மென்பொருளைத் தானே எழுதியதாகச் சொல்வான். வீட்டுக்காரர்கள் அவனுக்குத்தான் கதிரை போட்டு உட்காரவைப்பார்கள். நான் வயரைச் சுற்றிக்கொண்டு நிற்பேன்.

அன்று போனது வத்தேகமவில் ஒரு வீட்டுக்கு. அதன் மேல்மாடி இன்னும் கட்டி முடியவில்லை. வெறும் கொங்கிரீட் தளம், சுற்றுச்சுவர் கிடையாது. பின்பக்கம் பள்ளம். டிஷ் கம்பத்தை அந்தப் பள்ளத்தை ஒட்டிய மூலையில் பூட்டச் சொன்னது நான்.

காலை பத்து நாற்பத்திரண்டு. "வருதா மச்சான்?"

லெப்டொப் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று காட்டியது. அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படாது.

"இல்ல. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு."

டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்தான். "இப்ப?"

அறுபத்து நான்கு. "இல்ல மச்சான், இன்னும் கொஞ்சம்."

"இப்ப வருதா?"

இருபத்திரண்டு. "இன்னும் கொஞ்சம்."

அதன்பிறகு அவன் கேட்கவில்லை.

விபத்து என்று முடித்தார்கள். அடக்கத்தன்று அவன் மனைவி ஷிராணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டில் தேடினாலும், ஒன்றுமே இல்லாத ஓர் அலைவரிசையில் என் கை நின்றுவிடுகிறது. சிக்னல் பூச்சியம். ஆனால் மேலேயிருந்து "வருதா மச்சான்?" என்று அவன் கேட்கிறான். பட்டப்பகலில், கண்டி பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் கேட்கிறான். நிமிர்ந்து கூரைகளைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது ஐயா. ஆனால் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நான் வந்தது அதற்காக இல்லை.

போன வாரம் ஷிராணி சொன்னாள்: "நீங்க எழுதின சாஃப்ட்வேர் பிழையா காட்டினதாலதான் அவரு விழுந்தாருன்னு ஊருல பேசிக்கிறாங்க அண்ணே. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

அந்த மென்பொருள் என்னுடையது என்று இவ்வளவு காலமும் ஒருவரும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறார்கள், அதுவும் இப்படி.

அன்றைய பதிவு இந்த லெப்டொப்பில் அப்படியே இருக்கிறது. நான் ஓர் எண்ணைக்கூட அழிக்கவில்லை. அதற்கு முந்தின நாளே போய் அந்த மூலையைப் பார்த்து வைத்தது நான். பொய் சொன்னதும் நான்தான். அன்ட்ரூவைக் கொன்றேன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மென்பொருள் சரியாகத்தான் காட்டியது என்பதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள்.