கடல் குடிச்ச இன்ஜின்

ரேடியேட்டர் மூடியத் தொறக்காண்டாம் தம்பி. சூட்டுல அடிச்சிதுன்னா மூஞ்சி வெந்துரும். பைய ஆறட்டும். பிள்ளைய வெயில்ல நிறுத்தாதிய, அந்தத் தென்னைக்க மூட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க ஒங்க வீட்டுல. எனக்க வீட்டுக்காரி ரீத்தா உள்ளதான் நிக்கா, குடிக்க வெள்ளம் கொண்டு வருவா.

எனக்க வண்டியப் பாத்துதானே இங்ஙன ஒதுக்கினிய? எல்லாரும் அப்பிடித்தான். வண்டியிலயே வீடு கட்டிக் கன்னியாகுமரிக்கு வாறவங்க, இந்தக் கொட்டாரம் ரோட்டுல இன்னொரு கேரவன் நிக்கதப் பாத்தா சொந்தக்காரனக் கண்ட மாதிரி நிறுத்துவாங்க. கிட்ட வந்து பாத்தா உள்ள கோழி அடகாக்கும். ஆமா, ஓடாது. அதுக்குள்ள இன்ஜினே கெடயாது. சும்மா கேட்டாக்கூட நான் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க அந்தப் பட்டறைக்குத்தானே வழி கேட்டிய. அதனால சொல்லித்தான் ஆகணும்.

போன்ல என்ன சொன்னான் பட்டறைக்காரன்? பாக்காமயே இன்ஜின் போச்சுன்னுட்டானா? செரி. ரெடி இன்ஜின் ஒண்ணு கைவசம் இருக்கு, நாமக்கல்லுலேருந்து வந்தது, நல்ல பச்ச பெயிண்டு அடிச்சது. அப்பிடியா சொன்னான்? ம். எவ்வளவு பைசா சொன்னான்னு நான் கேக்கல்ல. எனக்கும் ஒருநாளு இதேதான் சொன்னான், நாமக்கல் உட்பட.

நான் கடல்காரன் தம்பி. சின்னமுட்டம் துறையில விசைப்படகு, நாங்க போட்டும்போம், ஒண்ணு வச்சிருந்தேன். லாரியில ஓடுகத அதே இன்ஜினத்தான் போட்டுலயும் வைப்போம், ஒங்களுக்குத் தெரியுமோ என்னவோ. புது இன்ஜின் எறக்குன அன்னைக்கு பங்குச் சாமியார் வந்து மந்திரிச்சாரு. அவரு போனபெறவு நான் உளிய எடுத்து இன்ஜின் பிளாக்குல, செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்துல, சின்னதா ஒரு சிலுவ கொத்துனேன். கை வழுக்கி ஒரு பக்கம் கீழ சரிஞ்சி போச்சு. பாத்தவன் எல்லாம் சிரிச்சான். சரிஞ்சாலும் சிலுவ சிலுவதானேன்னு நான் விட்டுட்டேன்.

அந்தப் போட்டு பாறையில தட்டித் தாந்து போச்சு. ஆளுவ நீந்திக் கரையேறுனோம், மாதாவுக்கு நன்றி. இன்ஜின் மட்டும் கடலுக்கடியில கெடந்துது. கிரேன் வச்சித் தூக்கும்போ அதுக்க வாயிலேருந்து மணலா வந்துது. உப்பு குடிச்ச இன்ஜின் பொறவு தேறாது. வெளிய எவ்வளவு கழுவுனாலும் உள்ள அரிச்சிக்கிட்டே இருக்கும். ஒருநாளு நடுக்கடல்ல நின்னுரும், அங்க எறங்கித் தள்ள முடியுமா? அதனால நான் அந்தப் பட்டறைக்காரனக் கூப்பிட்டுச் சொன்னேன். இத ஒடச்சிக் காயலாங்கடையில போடு, எந்தப் போட்டுக்கும் போவக் கூடாது. செரின்னான். இரும்புக்குக் கிட்டுன பைசான்னு ரீத்தாக்க கையில கொண்டு குடுக்கவும் செய்தான். நல்ல பயன்னு அன்னைக்கு நெனச்சேன்.

இனி கடல் வேண்டாம்னு ரீத்தா ஒரே பிடி. பழைய பஸ்ஸு ஒண்ணு வாங்குனேன். போட்டுக்கு மேல்கட்டு வேல செய்யத வைகுண்டராஜன் ஆசாரிதான் உள்வேல முழுக்கச் செய்தாரு. கட்டில், அடுக்களை, கக்கூஸ், தண்ணி டேங்கு எல்லாம். வாறவங்கள ஏத்திக்கிட்டு பேச்சிப்பாறைக்குப் போவேன், மூணாறுக்குப் போவேன். நல்லாத்தான் ஓடுச்சு. கொள்ளாம், இனி இதுலயே காலத்த ஓட்டிரலாம்னு நெனச்சேன். ரெண்டு வருசம் கழிச்சி பஸ்ஸுக்க பழைய இன்ஜின் பொகையத் தள்ளுச்சு. அதே பட்டறைக்காரன்தான் நாமக்கல் இன்ஜின் ஒண்ணு இருக்கு, மாத்திரலாம்னான்.

இங்கதான் நீங்க கவனமாக் கேக்கணும். சாதா பஸ்ஸுன்னா இன்ஜின் பெட்டிய நிமுத்துனா ஆச்சு. நம்ம வண்டியில அதுக்க மேலதானே அடுக்களை? ஒங்க வண்டியிலயும் அப்பிடித்தானா? அப்பம் கேளுங்க. இன்ஜினத் தூக்கணும்னா சிங்க்கக் கழத்தணும், காஸ் பைப்பக் கழத்தணும், அலமாரியப் பொளிக்கணும், தரைப் பலகைய அறுக்கணும். வயரு எல்லாம் கொடலு மாதிரி வெளிய வந்துரும். இன்ஜினுக்கு ஆகுத செலவு ஒரு பங்கு, வீட்டப் பிரிச்சிக் கட்டுகது ரெண்டு பங்கு. ரீத்தாக்க செயின் அதுல போச்சு. எம்புடு பாத்து உண்டாக்குன அடுக்களை, அவ பட்டறையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

திரும்பக் கட்டும்போ நான் சொன்னேன், தரையில ஒரு மூடி வையி, போட்டுல இருக்கும்லா, தூக்குனா இன்ஜின் தெரியுத மாதிரி. பட்டறைக்காரன் வேண்டாம்னுட்டான். மூடி வச்சா சத்தம் மேல வரும், ஏசி நிக்காதுன்னான். பலகைய எறக்கி, பசை தேச்சி, மேல ரெக்சின் விரிச்சி, ஆணியடிச்சி ஒரேயடியா அடச்சிட்டான். இன்ஜின ஏத்துன அன்னைக்கு நான் நாகர்கோயில்ல பெயிண்டு வாங்கப் போயிருந்தேன், அவன்தான் அனுப்புனான். வேல முடிஞ்ச அன்னைக்கு அந்தப் புது அடுக்களையில அவனே சாயா போட்டு எனக்கும் ரீத்தாக்கும் குடுத்தான். நாங்க மூணு பேரும் அந்தப் பலகைக்க மேல நின்னு சிரிச்சிக்கிட்டே குடிச்சோம். தம்பி, எனக்கு இன்னைக்கும் நெஞ்சு வேவுகது அந்தச் சாயாவ நெனச்சாத்தான்.

மழக்காலம் முடியுமுன்ன வண்டி நின்னு போச்சு. ஆரல்வாய்மொழியில, கரண்டு எடுக்கத காத்தாடி நிக்கத வளைவுல. உள்ள மதுரக்காரக் குடும்பம், கைப்பிள்ள வேற. ஆயிலும் வெள்ளமும் ஒண்ணாக் கலந்து பாயாசம் மாதிரி ஒழுகுது. பொறத்த லாரிக்காரன் ஆரன் அடிக்கான், அந்தக் காத்துல வண்டியே ஆடுது. பிள்ளைய முந்தானையில பொதிஞ்சிக்கிட்டு அந்தப் பொம்பள ரோட்டோரமா நின்னா. பெரியவரே, வண்டிய நல்லாப் பாத்துதானே எடுத்தியன்னு கேட்டா. அவங்களுக்கு வேற வண்டி பிடிச்சிக் குடுத்துட்டு, எனக்க வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போனேன்.

நாகர்கோயில்ல ஸ்ரீஜித்னு ஒரு மெக்கானிக்கு. அவன்தான் பலகைய மறுபடி அறுத்தான். கொஞ்ச நேரம் உள்ள குனிஞ்சி கெடந்துட்டு, அண்ணாச்சி, நீங்க வேதக்காரங்கதானே, இதுல சிலுவ இருக்குன்னான். நான் டார்ச்சு கேக்கல்ல. கைய உள்ள விட்டுத் தடவிப் பாத்தேன். ஒரு பக்கம் கீழ சரிஞ்சிருந்துது.

பின்ன பட்டறைக்குச் சண்டைக்குப் போவாம இருப்பனா? போனேன். அவன் தல குனியல்ல தம்பி. போட்டுக்குப் போவக் கூடாதுன்னுதானே சொன்னிய, நான் போட்டுக்குக் குடுக்கலியேங்கான். ரோட்டுல நின்னா எறங்கி நிக்கலாம்லாங்கான். நான் சொன்ன சொல்லயே எடுத்து எனக்க கழுத்துல வச்சான். எனக்க போட்டு இன்ஜின்லதான் அவன் ஸ்பானரு பிடிக்கப் படிச்சான். எனக்க வீட்டுச் சோத்தத் தின்ன பய. வேத்தாளு ஏமாத்துனா ரெண்டு நாளு ஏசிட்டுக் கெடந்துருவேன். இது அப்பிடி இல்ல.

வேற இன்ஜின் வச்சித் தாறேன்னு சொல்லி, இதக் கழத்தி எடுத்துட்டுப் போனான். அதோட செரி. ஓணம் போச்சு, கிறிஸ்மஸும் போச்சு. போன மாசம் அந்த வழியாப் போவும்போ பாத்தேன், வாசல்ல ஒரு இன்ஜினுக்குப் பச்ச பெயிண்டு அடிச்சிக்கிட்டு நின்னான். என்னக் கண்ட ஒடனே சாக்க எடுத்து மூடுனான்.

ஆமா, அதேதான் ஒங்களுக்குச் சொன்ன நாமக்கல் இன்ஜின். நம்பாட்டிப் போய்ப் பாருங்க. செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்துல பெயிண்டச் சொரண்டச் சொல்லுங்க. விட மாட்டான். ஸ்ரீஜித்துக்க நம்பரு தாறேன், அவன் இங்க வந்தே பாப்பான். ஒங்களுக்கு வெறும் வெள்ளம் போற ஹோஸு கிழிஞ்சதாக்கூட இருக்கும்.

கேசு குடுக்கலியான்னா? போனேன். ரீத்தா வேண்டாம்னு கால்ல விழாத கொற, அதையும் தட்டிட்டுப் போனேன். ஸ்டேசன்ல ஏட்டையா நல்ல மனுசன், ஒக்காத்தி வச்சிக் கேட்டாரு. புகார் குடுக்கது யாருன்னாரு, ஞானதாசன்னேன். யாரு மேலன்னாரு. எபிசன், பட்டறை வச்சிருக்கான்னேன். அவனுக்கத் தகப்பன் பேரு என்னன்னாரு. புகார்க்காரன்னு மேல எழுதுனியளே சார், அதே ஞானதாசன்தான்னேன். அவரு பேனாவ வச்சிட்டு என்னப் பாத்தாரு. நான் எந்திச்சி வந்துட்டேன்.

அன்னா ரீத்தா வாறா. மொதல்ல பிள்ளைக்குக் குடுங்க, பொறவு நீங்க குடிங்க. அவளுக்க முன்னால பட்டறைப் பேச்சு எடுக்காண்டாம்.