டர்போ மாப்பிள்ளை

தை முதல் ஞாயிறு, காலை ஒன்பதே கால். சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் இருக்கையில் பட்டு வேட்டி கட்டிய ஒருவனும் அவன் நண்பனும்.

“கார்ல இடமில்லைன்னு, பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளையவே பஸ்ல ஏத்திட்டாங்க. இவரு பொண்ணுகிட்ட ஸ்போர்ட்ஸ் கார் பத்திப் பேசியிருக்காரு!” என்றான் நண்பன்.

“அவதான்டா போன்ல கேட்டா, இனிமே வர்ற ஸ்போர்ட்ஸ் கார்ல எந்த இன்ஜின் இருக்கும்னு. டர்போதான், மத்ததெல்லாம் மியூசியத்துக்குன்னேன்.”

“துவாக்குடி காலேஜ்ல இன்ஜின் பாடம் நடத்துறவகிட்டயே! அவ என்ன சொன்னா?”

“டர்போ இல்லாதது மிதிச்சதும் பாயும், டர்போ யோசிச்சிட்டுத்தான் கிளம்பும்னா. அப்புறம், என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டா.”

“நீ?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

“இது எப்போ நடந்தது?”

“புதன்கிழமை. இன்னும் சொல்லலடா.”

“பிரமாதம். அவ பாடத்துக்கு நீயே செய்முறை விளக்கம். அவ வேண்டாம்னா என்னடா பண்ணுவ?”

மாப்பிள்ளை போனை எடுத்தான். காவிரிப் பாலம் முழுக்க எதையோ தட்டினான், அழித்தான். அம்மா மண்டப நிறுத்தத்தில்தான் ‘பிடிச்சிருக்கு’ என்ற ஒரே வார்த்தையை அனுப்பினான். பஸ் நகர்வதற்குள் பதில் வந்துவிட்டது. நண்பன் பிடுங்கி உரக்க வாசித்தான்:

“‘ஒருவழியா கிளம்பிடுச்சா? வாங்க, காபி ஆறுது.’”