ரியாத்துச் சம்பளம் ஏறுன கதை

இல்ல கந்தையா அண்ணே, இல்ல! நான் ஒத்துக்கவே மாட்டேன்! "ரியாத்துல மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி சம்பளம் வாங்குன பொண்ணு, இங்க கிள்ளான் ஆஸ்பத்திரியில எழுநூத்தம்பதுக்குச் சேந்திருக்கா. அவளுக்கு மூளை இல்லையா, இல்ல அவளப் பெத்தவனுக்கு இல்லையா?"ன்னு நேத்து அய்யூப் பாய் டீக்கடையில பதினஞ்சு பேரு முன்னாடி என் மவளப் பத்திக் கேட்டீங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள குடையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டீங்க. இன்னைக்கு நர்சுங்க பாராட்டுக் கூட்டத்துக்கும் வரல. முட்டி வலியாம்! பரவால்ல லா. உங்க வீடு எதுத்த சந்து. வாசல்ல கொழா ஸ்பீக்கர் கட்டியிருக்கு. சன்னலச் சாத்துனாலும் கேக்கும். இன்னைக்கு நான் பேசுறது...

என்ன தலைவரே? ஓ, வணக்கம் சொல்லலயா? கோவத்துல மறந்துட்டேன். இருங்க, தண்ணி குடிச்சிக்கிறேன்.

மருந்து கலக்கிய கையால் மாலை வாங்கி, மேடையில் மலைபோல் வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் உயர்திரு சண்முகரத்தினம் ஐயா அவர்களே! முன்வரிசையில் முத்து முத்தாய் அமர்ந்திருக்கும் முதியோர்களே! பின்வரிசையில் பிரியாணி வாசம் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! பெற்று, பேணி, பெட்டி கட்டி, பிளேன் ஏற்றி அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விடும் பெரிய மனசுக்காரத் தாய்மார்களே! போன இடத்தில் புகழோடு நின்று, கொண்டுபோன உயிரோடு திரும்பி வந்திருக்கும் எங்கள் நர்ஸ் செல்வங்களே! பிரிக்பீல்ட்ஸ் பெருமக்களே! அத்தனை பேருக்கும் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருசம் ட்ராலி தள்ளிய வேலாயுதத்தின் வணக்கம்!

கை தட்டுங்க, தட்டுங்க. இதுக்கு மேல எனக்கு செந்தமிழ் வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணே வருசம்தான் ஒக்காந்தேன்.

என் மவ சீதாலெட்சுமி, அந்தா முன்வரிசையில வெள்ள உடுப்புல ஒக்காந்திருக்கா பாருங்க, எண்பத்தெட்டுல ஏஜெண்ட் மூலமா ரியாத்துக்குப் போனா. மொத மாசச் சம்பளக் கடுதாசி வந்துச்சு. நான் தரையில நடந்தேனா? நடக்கல! நாலு பேரு கண்ணுல படாம இருந்தேனா? இருக்கல! அய்யூப் பாய் கடையில கல்லாவுக்கு மேல ஒரு பெரிய உலகப் படத்த ஒட்டுனேன். ஊரு ஊரா நர்சுங்க சம்பளத்த அதுல எழுதுனேன். செமினி கிளினிக்கு நானூறு. கிள்ளான் எழுநூறு. சிங்கப்பூரு ஆயிரத்து நானூறு. ஜெட்டா ரெண்டாயிரத்து எரநூறு. ரியாத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு! பாசார்ல மீன்காரன் பலகையில எழுதுற மாதிரி, ஏறுனா அழிப்பேன், எறங்குனா அழிப்பேன்.

பொண்ணு வச்சிருக்கவங்க எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க. செந்தூல்ல இருந்து வருவாங்க, செமினியில இருந்து வருவாங்க. "அண்ணே, எங்க அனுப்பலாம்?" நான் டீயக் கலக்கிக்கிட்டே சொல்லுவேன்: "பஸ்ஸு டிக்கெட்டு மாதிரிதாம்மா இது. எவ்வளவு தூரமோ அவ்வளவு காசு." இதே கந்தையா அண்ணன் கேட்டாரு, "அப்ப நிலாவுக்கு அனுப்புனா?" நான் சொன்னேன், "உங்க பென்சன விடக் கொஞ்சம் கூடக் கெடைக்கும்ணே!"

சிரிக்காதீங்க, சன்னல் தொறந்திருக்கு.

அப்புறம் குவைத்துச் சண்ட வந்துச்சு. இந்த வருசம் சனவரி. ரியாத்து மேலயும் ஏவுகணை விழுதுன்னு ரேடியோவுல சொல்றான். வீட்டுல போன் இல்ல. சீதா வெள்ளிக்கெழம சாயங்காலம் அய்யூப் பாய் கடைக்குத்தான் பேசுவா. அன்னைக்கு நான் நாலு மணிக்கே போய் ஒக்காந்துட்டேன். கடை பூரா ஆளு. எல்லாருக்கும் ஒரு டீ, எல்லாக் காதும் போன் மேல.

மணி அடிச்சுது. எடுத்தேன். "அப்பா, நான் நல்லா இருக்கேன். ஆஸ்பத்திரியில, போறவங்க போகலாம்னு சொல்லிட்டாங்க. இருக்குறவங்களுக்கு ஒண்ணரைச் சம்பளமாம். என்னப்பா பண்ணட்டும்?"

சபையோர்களே! நான் என்ன சொல்லியிருக்கணும்? "ஓடி வந்துரு தாயி"ன்னு சொல்லியிருக்கணும். வாயில அதுதான் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு! ஆனா திரும்பிப் பாத்தேன். இருவது பேரு. படம் போட்டு வெல எழுதுன மனுசன் என்ன சொல்லப் போறான்னு பாக்குறாங்க. நெஞ்சு நிமிந்துச்சு, நாக்கு நீண்டுச்சு, புத்தி பொடக்காலிக் கதவு வழியாப் போயிருச்சு! "இரும்மா! ஒண்ணரைச் சம்பளத்த எவனாவது விடுவானா?"ன்னு கடையே அதிரக் கத்துனேன். கடை கை தட்டுச்சு. போன் செத்துப் போச்சு.

நான் ஸ்டூல்ல ஏறி ரெண்டாயிரத்து ஐந்நூற அழிச்சேன். மூவாயிரத்து எழுநூத்தம்பதுன்னு எழுதுனேன். அய்யூப் பாய் சம்சாரம் ரம்லத்து அக்கா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க. "அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? மீன் வெல ஏறுனா கடல்ல காத்துன்னு அர்த்தம். படகு கடலுக்குப் போகல, அதான் ஏறுது. நர்சு சம்பளம் ஒரே நாள்ல ஏறுனா, அங்க என்னண்ணே அர்த்தம்?"

ஸ்டூல்ல இருந்து எறங்க முடியல என்னால. அய்யூப் பாய்தான் கையப் புடிச்சு எறக்கிவிட்டாரு.

அன்னையில இருந்து ஆறு வாரம்! போன் இல்ல, கடுதாசி இல்ல. என் சம்சாரத்துக்கு விசயம் அன்னைக்கே போயிருச்சு. தட்டு வரும், சோறு வரும், சத்தம் வராது. வீட்டுல ரேடியோ ஒண்ணுதான் பேசும், அதுவும் குண்டு விழுந்த கதையத்தான் பேசும். கந்தையா அண்ணே, அந்த ஆறு வாரமும் தெனமும் வந்து வாசல்ல ஒக்காந்திருந்தது நீங்கதான். அத நான் மறக்கல. ஆனா நேத்துக் கேட்டதுக்கு விட மாட்டேன்!

மார்ச்சு மாசம் சுபாங் ஏர்போட்டுல வந்து எறங்குனா. எளச்சிருந்தா, கறுத்திருந்தா, முழுசா இருந்தா! நான் போய் அவ ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டேன். "சீதா, அப்பா அன்னைக்கு 'இரு'ன்னு சொன்னது தப்பும்மா. நாலு பேரு கேக்குறாங்களேன்னு சொல்லிட்டேன்."

அவ முழிக்கிறா. "எப்பப்பா சொன்னீங்க? 'என்ன பண்ணட்டும்'னு கேட்டேன், லைன் கட்டாயிருச்சு. நீங்க சொன்னது ஒண்ணுமே வரல."

வரலயாம்! ஆறு வாரம் சோறு எறங்காம, கண்ணு மூடாம கெடந்தேனே, அந்தச் சொல்லு கடல் தாண்டவே இல்லையாம்! கல்லாவத் தாண்டலயாம்! டீ குடிச்ச இருவது பேருக்கு மட்டுமா நான் கத்தியிருக்கேன்? அந்த எடத்துலயே பெட்டி மேல ஒக்காந்து சிரிச்சேன். சிரிச்சு சிரிச்சு அழுதுட்டேன். போலீசுக்காரன் வந்து, "அங்கிள், ஓகே கா?"ன்னு கேட்டான். "ஓகே லா, ரொம்ப ஓகே!"ன்னேன்.

"அப்புறம் யாரு சொல்லித்தாம்மா இருந்த?"

"யாரும் சொல்லலப்பா. வார்டுல பதினோரு பேரு எழுந்திரிக்க முடியாம கெடந்தாங்க. பாதி நர்சுங்க டிக்கெட் எடுத்துட்டாங்க. நானும் போனா யாரு பாக்குறது?"

"அப்ப அந்த ஒண்ணரைச் சம்பளம்?"

"குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். வேணாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?"

அந்தா, முன்வரிசையில ஒரு அம்மா சிரிக்கிறாங்க பாருங்க. ஆமாம்மா, சீதா அவங்கம்மா மாதிரி!

இப்ப வரேன் கந்தையா அண்ணே, உங்க கேள்விக்கு. கிள்ளான் வேல கெடச்ச அன்னைக்கு நானும் இதையேதான் கேட்டேன். "எழுநூத்தம்பதுக்கு ஏம்மா?" அவ சொன்னா: "அங்க சம்பளம் ஏன் ஏறுச்சுன்னு கண்ணால பாத்துட்டேன். இங்க ஏன் ஏற மாட்டேங்குதுன்னு கேக்கப் போறேன். யூனியன்ல பேரு குடுத்துட்டேன்பா."

கேட்டீங்களா? நல்லாக் கேட்டுக்குங்க! குண்டு விழுந்தா ஏறுது! கூட இருந்தவ ஓடுனா ஏறுது! ஊரே பயந்தா ஏறுது! ஆனா பயமில்லாத ஊருல, பத்து மணி நேரம் நின்னு, பத்து பேரு புண்ணத் தொடச்சு, பத்து பேரு மூச்ச எண்ணிக்கிட்டு இருக்குறாளே, அவளுக்கு ஏன் ஏற மாட்டேங்குது? பயத்துக்கு வெல வைக்கத் தெரிஞ்சவனுக்கு, கைக்கு வெல வைக்கத் தெரியாதா? ஓடிப் போனவ எடத்துக்குக் கூலி உண்டு! ஓடாம நிக்கிறவ காலுக்குக் கூலி கெடையாதா? தாய்மார்களே, இனிமே ஏஜெண்ட் வந்தா "எவ்வளவு"ன்னு மட்டும் கேக்காதீங்க. "ஏன் இவ்வளவு"ன்னு கேளுங்க! நம்ம ஊரு மொதலாளி வந்தா, "ஏன் இவ்வளவுதான்"னு கேளுங்க! அப்படிக் கேக்குற நாள் வந்தா, எந்தப் பொண்ணும் சம்பளத்துக்காக...

எங்கம்மா எந்திரிக்கிற? சீதா? பேச்சு முடியலயே! பொன்னாட இன்னும் போடலயே!

என்னா? ரெண்டு மணிக்கு டூட்டியா? ஞாயித்துக்கெழமையுமா? சரி, சரி. கொடைய எடுத்துக்க. மேக்க கறுத்திருக்கு.

பாருங்க சபையோர்களே, அவளத்தான் புகழ்ந்து பேசுறேன், கைய ஆட்டிட்டுப் போறா! திரும்பிக்கூடப் பாக்கல. போகட்டும். வழி விடுங்க தம்பி. இங்க இருந்து கிள்ளானுக்கு ஒரு பஸ்ஸு. ஒம்பதரைக்கு வேல முடியும், பத்தரைக்கு வீட்டுக் கதவத் தட்டுவா. அவ முதுகப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். மூணு வருசமா வெள்ளிக்கெழம போனுக்குக் காத்திருந்தவன், இப்ப ராத்திரி பத்தரைக்குக் காத்திருந்தாப் போதும்.

இன்னும் ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தேன் தலைவரே. பரவால்ல. யாரு காதுல விழணும்னு எழுதுனேனோ, அவ பஸ்ஸுக்குப் போயிட்டா. உக்காந்து கேட்ட அத்தனை நல்ல மனசுக்கும் நன்றி சொல்லி, மைக்க விட்டுக் கையக் கூப்புறேன். வணக்கம்!