முன்கதை

நாகர்கோவிலிலிருந்து குழித்துறைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. மகள் தடிமனான ஒரு ஆங்கில நாவலைப் பிரித்தாள்.

“இதுல வாறவளுக்குப் பதினாறு வயசும்மா. காசு வாங்கிட்டு ஆளக் கொல்லுவா.”

தாய் ஜன்னல் கம்பியில் சாய்த்திருந்த தலையை எடுக்கவில்லை. “நல்ல பிள்ளைதான்.”

“அவளுக்கு ஒருத்தன்மேல பிரியம். அவன் செத்துப்போவான்.”

“கடைசிப் பக்கத்தப் பாத்துட்டியா?”

“இல்லம்மா. முதல்ல வந்த புக்குலயே அவன் செத்தாச்சு. இது அதுக்கு முந்தி நடந்த கதை. பொறவுதான் எழுதினாங்க.”

“சாவான்னு தெரிஞ்சும் என்னத்துக்கு மக்களே வாசிக்க?”

“இதுல அவன் உயிரோடதான இருக்கான். சிரிக்கான், சண்டை பிடிக்கான்.”

பேருந்து தக்கலையில் நின்று கிளம்பியது. பிறகு தாய் மெதுவாகக் கேட்டாள்.

“இனி பத்தியம் ஒண்ணும் வேண்டாம், கேக்கதக் குடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாருல்லா. நாளைக்கு அப்பாவுக்குச் சாளை மீன் பொரிச்சுக் கொண்டு போவமா?”

மகள் புத்தகத்தை மூடினாள்.

“காரம் குறைக்காண்டாம்மா.”