கணக்கில் காலி வீடு

– இந்த வீட்ல யாரும் குடியில்லைன்னு போட்டிருக்கே அம்மா.

– அப்போ உங்களுக்குக் கதவைத் திறந்தது யாருன்னு போட்டிருக்கு?

– விளையாடாதீங்க. நான் நகராட்சி வரிப் பிரிவுல இருந்து வர்றேன், இதோ அடையாள அட்டை. காலி வீடுன்னு சொல்லிப் பாதி வரிதான் கட்டறாங்க, ஆனா உள்ள ஆள் இருக்குன்னு போன்ல புகார் வந்திருக்கு.

– ஓ, புகாரா! உள்ள வந்து பேசுங்க சார், வாசல்ல நின்னு திட்டினா தெருவுக்கே கேக்கும். அந்த நூல்கண்டைப் பாத்து வாங்க, கால்ல சுத்திக்கும்.

– என்ன இது, முன்னறை முழுக்கத் துணி?

– பள்ளிக்கூடச் சீருடை. நான்தான் தைக்கறேன். மிஷின் ரெண்டு இருக்கு. அது சொன்ன பேச்சு கேக்கும், இது கேக்காது.

– வீட்டுக்குள்ள தொழில் வேற நடக்குதா? வாயைக் குடுத்து நீங்களே மாட்டிக்கறீங்க மேடம். என் கையில பேனா இருக்கு.

– பேனா எதுக்கு இருக்கு? எழுதுங்க.

– நான் பாக்காத வீடு இல்ல. கதவைத் தட்டினதும் அடுப்பை அணைப்பாங்க, கொடியில கிடக்கற துணியை வாரிக் கட்டிலுக்கு அடியில தள்ளுவாங்க. ஒருத்தர் போர்வையைப் போத்திக்கிட்டே வந்து, 'சும்மா பெருக்கிட்டுப் போக வந்தேன்'னு சொன்னார். உங்களை மாதிரி வாங்க வாங்கன்னு கூப்பிட்டவங்க யாரும் இல்ல.

– எனக்கு இந்தப் பொய்யெல்லாம் வராது சார். சமையலறையைப் பாருங்க. குக்கர் சுடும், தொட்டுடாதீங்க.

– பாத்தாச்சு.

– ஃபிரிட்ஜையும் திறந்து பாருங்க.

– எதுக்கும்மா?

– நேத்து மிஞ்சின சோறு மூடி வெச்சிருக்கு. ஆள் இல்லாத வீட்ல சோறு மிஞ்சுமா?

– கேள்வி கேக்க வேண்டியது நான் மேடம்.

– அதானே. கேளுங்க.

– வீடு யார் பேர்ல இருக்கு?

– அதை நீங்கதான் சொல்லணும். எனக்கு ஆளைப் பாத்தா இடுப்பு அளவு சொல்லத் தெரியும். உங்க தாள்ல இருக்கற சங்கதியெல்லாம் நான் எங்க கண்டேன்?

– இதுல ஒரு ரகசியமும் இல்ல. நகராட்சி இணையதளத்துல வரி எண்ணைப் போட்டா யார் வேணா பாக்கலாம். பாருங்க, இது வரி எண். இது உரிமையாளர் பேர்.

– எங்க அப்பா பேர். அவர் போய்ச் சேந்து எவ்வளவு காலம் ஆச்சு, இன்னும் வரி அவர் பேர்லயா வருது?

– யாரும் பேர் மாத்தலை, அதனால வருது. இது கட்டடத்தோட பரப்பளவு. பின்னாடி இருக்கற குளியலறை வரைக்கும் சேத்து அளந்திருக்காங்க. இந்தக் கட்டம்தான் முக்கியம், வீட்டை எதுக்குப் பயன்படுத்தறாங்கன்னு. வீடா, கடையா, காலியா? இங்க 'காலி'. காலின்னா வரி பாதி. அப்படின்னு உறுதிமொழி குடுத்தவர்...

– எங்க சின்னவன். என் கூடப் பிறந்தவன்.

– ஆமா, மகன்னுதான் போட்டிருக்கு. போன வருஷம் குடுத்திருக்கார். அதுக்கு முன்னாடி எல்லாம் முழு வரி.

– அதுக்குப் பக்கத்துல ஒரு கட்டத்துல வெறும் கோடு இழுத்திருக்கே?

– அது குடியிருப்பவர் பேர். காலி வீடுங்கறதால கோடு.

– நீங்க இன்னிக்குப் பாத்துட்டுப் போனா அங்க என்ன வரும்?

– நான் கண்ணால கண்டது வரும். உங்க பேர், எந்த வருஷத்துல இருந்து இருக்கீங்க, அக்கம்பக்கத்துல சாட்சிக் கையெழுத்து, கடைசியில என் கையெழுத்து. ஆனா ஒண்ணு நல்லாக் கேட்டுக்கங்க. வரிக் கணக்குல பேர் ஏறினா வீடு சொந்தமாயிடும்னு நிறைய பேர் கனவு காணறாங்க. ஆகாது. நீங்க இங்க குடியிருக்கீங்கன்னுதான் அர்த்தம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

– அது போதும்.

– என்ன?

– ஒண்ணும் இல்ல சார், மேல சொல்லுங்க.

– மேல அபராதம்தான். விட்டுப்போன வரி, அது மேல தண்டனை, தையலுக்குத் தனி விகிதம். பொய் சொன்னது உங்க தம்பி, ஆனா நாங்க வந்து நிக்கப்போறது வீட்ல இருக்கற உங்க முன்னாடி. நாள் பூரா மிஷினை மிதிச்சு நீங்க எவ்வளவு சம்பாதிச்சிடுவீங்க?

– சம்பாதிக்கறேன். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க.

– இருங்க, நான் சொல்றதைக் கேளுங்க. நானும் மனுஷன்தான். இதோ பேனாவை மூடிட்டேன். 'நேரில் சென்றேன், கதவு பூட்டியிருந்தது, ஆள் நடமாட்டம் இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிடறேன். யாருக்கும் தெரியப் போறதில்ல.

– ஐயையோ! பேனாவைத் திறங்க சார்!

– என்னம்மா இது, நல்லது செய்ய வந்தா...

– என் தலையில கல்லைப் போடப் பாத்தீங்களே! திறங்க முதல்ல.

– ஒண்ணும் விளங்கலை.

– உக்காருங்க, சொல்றேன். அந்தத் துணியைத் தள்ளிட்டு உக்காருங்க. அப்பா உயில் எழுதினார். வீடு சின்னவனுக்கு. ஆனா 'என் மகள் இங்கே குடியிருக்கும் வரை விற்கக் கூடாது'ன்னு சேத்து எழுதினார். புருஷன் வீட்ல இருந்து ஒரு பெட்டியோட வந்து நின்னவளை, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம உள்ள கூப்பிட்ட மனுஷன் அவர்.

– அப்போ நீங்க இருக்கற வரைக்கும் வீட்டை யாரும் அசைக்க முடியாது.

– இருக்கற வரைக்கும். அதனாலதான் நான் இல்லைன்னு ஆக்கிட்டான். 'அக்கா எப்பவோ கிளம்பிப் போயிட்டா, வீடு காலியா கிடக்கு, நகராட்சியே எழுதிக் குடுத்திருக்கு'ன்னு வாங்க வர்றவங்க கிட்ட உங்க தாளைத்தான் காட்டறான். அவனுக்கென்ன, பாதி வரிக்கா ஆசை?

– கரண்ட் பில், தண்ணி பில்?

– ரெண்டும் அப்பா பேர்ல.

– உங்க அடையாள அட்டை?

– அதுல இன்னும் புருஷன் வீட்டு விலாசம். பிறந்த வீட்ல இருக்கறதுக்கு யார் வந்து அத்தாட்சி கேக்கப் போறாங்கன்னு மாத்தாமலே விட்டுட்டேன். சோம்பல்னு சொல்லுங்க, நம்பிக்கைன்னு சொல்லுங்க.

– தம்பி கிட்டப் பேசிப் பாத்தீங்களா?

– அவன் பேச்சே தேன் மாதிரி இருக்கும் சார். 'நீ எங்க கூட வந்து இரு அக்கா'ங்கறான். அவன் வீட்ல போய்ப் பாத்தேன். கூடத்துல சோபாவை நகர்த்தி ஒரு மடக்குக் கட்டில் போட்டான். என் மிஷின் எங்கடான்னு கேட்டா, 'இந்த வயசுல எதுக்கு அக்கா?'ங்கறான். எனக்கு அழுகை வரலை, ஆத்திரம்தான் வந்துச்சு. நான் என் சோத்தை நானே சம்பாதிக்கறவ. என் மிஷின் இருக்கற இடம்தான் என் இடம்.

– சரி. திறந்துட்டேன் பேனாவை. சொல்லுங்க, குடியிருப்பவர் பேர்?

– அந்தக் கோட்டை அடிச்சிட்டு எழுதுவீங்களா, அதுக்கு மேலயே எழுதுவீங்களா?

– அடிச்சிட்டுத்தான்.

– அழுத்தி அடிங்க.

– உங்களோட பெரிய ரோதனை. இந்தாங்க, அடிச்சாச்சு, பேரும் எழுதியாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க கையெழுத்துப் போடுவாங்களா?

– அந்தம்மா சன்னலோரமாத்தான் நிக்கறாங்க. இவ்வளவு நேரம் அவங்க ஒட்டுக் கேக்கலைன்னா அதிசயம். கூப்பிட்டா ஓடி வருவாங்க.

– வேடிக்கையைப் பாருங்க மேடம். எவனோ வயித்தெரிச்சல்ல உங்களை மாட்டி விடணும்னு போன் பண்ணியிருக்கான். கடைசியில அது உங்களுக்கு நல்லதா முடியுது.

– அப்படித்தான் தெரியுது.

– ஆனா அங்கதான் ஒரு சிக்கல். பேர் சொல்லாம போனை வெச்சிருக்காங்க. புகார் குடுத்தவர் பேர் இல்லாம இந்த அறிக்கையை மேல அனுப்பினா நிக்காது. 'யாரோ அநாமதேயம் கிளப்பின புரளி'ன்னு உங்க தம்பி ஒரு மனு போட்டா, பழையபடி காலி வீடுன்னு மாத்திடுவாங்க.

– பேர் இருந்தா?

– பேர் இருந்தா அசைக்கவே முடியாது. ஆனா அந்த ஆள் எப்படி முன்னாடி வருவான்? நாங்க அனுப்பற நோட்டீஸ்ல அவன் பேர் வரும், அது நேரா உங்க தம்பி கைக்குப் போகும். காலத்துக்கும் பகை. எவனாவது துணிவானா? உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?

– எங்க அந்தக் கட்டம்?

– இதோ, மேல. 'புகார் கொடுத்தவர்'.

– பெரிய எழுத்துல எழுதுங்க சார், அவன் கண்ணாடி இல்லாமலே படிக்கட்டும்: புகார் குடுத்தது அவனோட அக்கா.